மரீசியிடம் நின்ற நான்கு மாதம்

போன மாதம் முழங்கால் வலிக்காக ஒரு பிசியோதெரபி நிலையத்துக்குப் போயிருந்தேன். எழுபதைத் தாண்டிய முழங்கால். அது வலிப்பதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அங்கே இருந்த பெண் என்னை ஒரு ரப்பர் பாயின் மேல் நிறுத்தி, "முடிஞ்ச அளவுக்கு மட்டும் குனிங்கம்மா, வலிச்சா நிறுத்திடுங்க" என்றாள். குனிந்தேன். இரண்டு உள்ளங்கைகளும் தரையில் முழுசாகப் பதிந்தன, முழங்கால் மடங்கவில்லை. அந்தப் பெண் என்னைச் சுற்றி ஒரு நடை நடந்து வந்து பார்த்துவிட்டு, எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டாள். இரண்டு இடத்தில் என்றேன். அடுத்த ஆள் காத்திருந்ததால் அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு விலாவாரியாகப் பதில் சொல்வது என் பழைய வியாதி. அதனால் அந்தப் பெண் தப்பித்தாள், நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள்.

அந்த ரப்பர் பாயின் வாசனைதான் இதற்கெல்லாம் காரணம். ரப்பர் என் மூக்குக்கு ரப்பராக இல்லை. வேர்வை ஊறிக் காய்ந்து, மறுபடி ஊறிய கோரைப்பாயாக வந்தது. தஞ்சாவூரில், விடிந்தும் விடியாத நேரத்தில், சிவப்பு சிமெண்டுத் தரைக்கூடம் ஒன்றில் ஆறு கோரைப்பாய்கள். அதில் சன்னலோரத்துக்கு அடுத்தது என்னுடையது.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. நிலத் தாவாக்களை விசாரிக்கும் ஒரு வருவாய் நீதிமன்ற அலுவலகத்தில் டைப்பிஸ்ட். கழக ஆட்சி வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. தஞ்சாவூர்ச் சுவர்களில் கறுப்பும் சிவப்பும் காயாமல் இருக்கும். பஸ் ஏறிக் கிழக்கே எங்கள் கீழ்வேளூர்ப் பக்கம் போனால் வரப்புக்கு வரப்பு செங்கொடி. இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து நான் பட்டா, சிட்டா, அடங்கல், பசலி என்று தட்டிக்கொண்டிருந்தேன். இந்தக் குத்தகைக்காரர் பெயர் பதிவேட்டில் ஏறலாமா, கூடாதா என்பதுதான் எல்லா வழக்குமே. ஐந்து நகல் வேண்டும் என்பார்கள். கார்பன் தாள் ஐந்து வைத்தால் விசையை அறைய வேண்டும், தட்டினால் போதாது. சாயங்காலம் எழுந்திருக்கும்போது இடுப்பு எழுந்து வராது. வயல்வேலைக் குடும்பத்தில் பிறந்தவளுக்கு நாற்காலியில் உட்கார்ந்து இடுப்பு வலி வந்தது என்று சொன்னால் எங்கள் தெருவே சிரிக்கும் என்பதால் ஊரில் வாயைத் திறக்கவில்லை.

நான் தங்கியிருந்த பெண்கள் விடுதிக்கு எதிர்வீட்டில் ஒரு வங்கி அதிகாரி குடும்பம் குடிவந்தது. மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க் குடும்பம். அந்த வீட்டு அம்மாள் பெயர் லலிதா. என்னைவிட மூன்று வயது இளையவர். ஒருநாள் தெருக்குழாயில் குடத்தைத் தூக்கிவிட்டு நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றதை வாசலிலிருந்து பார்த்தவர் நேராக இறங்கி வந்தார். பெயர்கூடக் கேட்கவில்லை. "இது உக்காந்து வந்த வலி. நாளைக்குக் காலைல அஞ்சரைக்கு வாங்க. சாப்பிடாம வாங்க" என்றார். சாப்பிடாமல் வரச் சொன்னதால் ஏதோ மருந்து தரப்போகிறார் என்று நினைத்துத்தான் போனேன்.

முதல் நாள், அவர் வீட்டுக் கூடத்தில் நடந்தது எனக்கு வகுப்பாகவே தெரியவில்லை. கரும்பலகை இல்லை, ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணும் குரல் இல்லை. ஒரு பெண் நின்றபடி கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறாள், ஒருத்தி தலைகீழாக நிற்கிறாள், இன்னொருத்தி எல்லாம் முடிந்து பிணம் மாதிரி மல்லாந்து கிடக்கிறாள். எல்லோர் தொண்டையிலிருந்தும் ஒரே சீறல் மட்டும், நெல் அவிக்கும் கொப்பரையில் ஆவி கிளம்புவது போல. லலிதா டீச்சர் வெறுங்காலோடு நடுவில் நடப்பார். ஒருத்தியின் முதுகில் கை வைத்து அழுத்துவார், ஒருத்தியின் குதிகாலைத் திருப்பிவைப்பார், பேசமாட்டார்.

அதுதான் அஷ்டாங்க யோக முறை என்று போகப்போகத் தெரிந்தது. அஞ்சரையிலிருந்து ஏழரைக்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். வந்தவள் சூரிய நமஸ்காரத்தில் தொடங்கி, தனக்கு இதுவரை கொடுக்கப்பட்ட ஆசனங்களை வரிசை மாறாமல், தன் மூச்சுக்குத் தகுந்த வேகத்தில், தானே செய்துகொண்டு போக வேண்டும். ஒவ்வொன்றிலும் ஐந்து மூச்சு. கடைசியாகக் கொடுத்தது உடம்பில் பிடிபட்டுவிட்டது என்று டீச்சர் கண்டால்தான் அடுத்ததைத் தருவார். பிடிபடவில்லையா, அங்கேயே நில்லுங்கள். ஒரு மாதமோ ஒரு வருடமோ, அவருக்குக் கவலையில்லை. மைசூரில் ஒரு பெரியவரிடம் அவர் அப்படித்தான் கற்றாராம். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் விடுமுறை. எங்கள் ஊரில் அமாவாசையன்று மாட்டை ஏரில் பூட்டமாட்டார்கள். மனுஷிக்கும் அந்த விடுப்பு உண்டு என்று அங்கேதான் முதலில் கேள்விப்பட்டேன்.

அந்த முதல் நாளில் டீச்சர் என்னையும் குனியச் சொன்னார். சேலையை முழங்காலுக்கு மேல் இழுத்துக் கச்சமாகச் செருகிக்கொண்டு குனிந்தேன். உள்ளங்கை தரையில். டீச்சர் அப்படியே நின்றுவிட்டார். முன்பே எங்காவது கற்றீர்களா என்று கேட்டார். பள்ளிக்கூடத்து டிரில் என்று கூசாமல் பொய் சொன்னேன். டிரில் மாஸ்டர் எங்களை ஒருநாளும் குனியச் சொன்னதில்லை. அவர் மரத்தடியில் தூங்குவார்.

உண்மை என்னவென்றால், எட்டு வயதிலிருந்து லீவு நாளெல்லாம் அம்மாவோடு நடவுக்குப் போனவள் நான். ஊர் ஒதுக்கிவைத்த தெருதான் எங்களுடையது. ஊரின் நெல் முழுக்க எங்கள் தெருப் பெண்கள் கைபட்டு ஊன்றியது. அதைத் தஞ்சாவூரில், படித்த பெண்கள் நடுவில் சொல்ல எனக்கு வெட்கம். இன்றைக்கு அந்த வெட்கத்தை நினைத்தால்தான் வெட்கமாக இருக்கிறது.

நடவில் ஒரு வழக்கம் உண்டு, அதைச் சொல்லாவிட்டால் என் முட்டாள்தனம் உங்களுக்குப் புரியாது. பத்துப் பெண்கள் வரிசையாகக் குனிந்து, நாற்றை ஊன்றி ஊன்றிப் பின்னால் நகர்வார்கள். ஒருத்தியும் முந்தக் கூடாது. வரப்பில் குடை பிடித்துக்கொண்டு பண்ணையின் காரியஸ்தர் நிற்பார். ஒருத்தி வேகம் காட்டி முந்திவிட்டால், "அவ முடிச்சுட்டா, உங்களுக்கென்ன கேடு" என்று அன்றைக்கே அவள் வேகம் எல்லோருக்கும் அளவாகிவிடும். அப்புறம் மாசமாக இருக்கிறவளும் வயதானவளும் என்ன செய்வார்கள்? அதனால் வேகக்காரி தன் வேகத்தைக் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டு, பக்கத்தில் தளர்ந்தவளின் பங்கில் நாலு நாற்றைச் சேர்த்து ஊன்றிவிடுவாள். வரப்பிலிருந்து பார்த்தால் வரிசை கயிறு பிடித்த மாதிரி நேராக இருக்கும். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு கற்றதற்கு முன்பே நான் இதைக் கற்றுவிட்டேன்.

இந்தப் பாடத்தோடுதான் அந்தக் கூடத்துக்குப் போனேன். ஒரு மாதம் கழித்து என் பக்கத்துப் பாய்க்கு, சன்னலோரத்துக்கு, ஒரு புது அம்மாள் வந்தார். நாற்பது வயது இருக்கும். மூன்றாவது பிரசவத்துக்குப் பிறகு இடுப்பு பிடித்துக்கொண்டதாம், டாக்டர் அனுப்பியிருந்தார். கணவரின் பைஜாமாவும் நீளமான சட்டையும் போட்டுக்கொண்டு காரில் வந்து இறங்கினார். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கு ஆள் தெரிந்துவிட்டது. எங்கள் ஊர்ப் பண்ணை வீட்டின் மருமகள், மரகதம்.

அம்மா வேலை செய்தது அவர்கள் வயலில்தான். பொங்கலுக்குப் பொங்கல் தஞ்சாவூரிலிருந்து அந்தக் கார் எங்கள் தெருமுனை வரைக்கும் வரும். மரகதம் காரைவிட்டு இறங்காமல், சன்னல் வழியாகப் புதுத்துணியைப் போடுவார். கையில் படாமல் மடியில் விழும்படி போடுவார்கள், அது ஒரு பழக்கம். அவருக்கு என்னைத் தெரியவில்லை. தெரிந்திருக்க நியாயமும் இல்லை. மடியை ஏந்துகிறவர்களின் முகத்தை யார் பார்க்கிறார்கள்? அவருக்கு நான் ஏதோ ஆபீசில் வேலை பார்க்கும் பெண். மரியாதையாக, வாங்க போங்க என்றுதான் பேசினார்.

அன்றைக்கு ஆரம்பித்தது அந்தக் கூத்து. அவர் கையைத் தூக்கினால் என் கை தூக்கும். அவர் மூச்சு வாங்க நின்றால் நானும் நிற்பேன். அவருக்கு ஓர் ஆசனம் பத்து நாள் வராவிட்டால் எனக்கும் பத்து நாள் வராது. "உங்க மூச்சைப் பாருங்க, பக்கத்துல பாக்காதீங்க" என்று டீச்சர் தினமும் சொல்வார். தலையை ஆட்டுவேன். வேண்டுமென்று செய்ததாக நினைக்காதீர்கள், முதலில் அது தானாகத்தான் நடந்தது. பக்கத்தில் ஒருத்தி குனிந்திருந்தால் அவளை முந்தாமல் இருப்பது என் உடம்பின் சுபாவமாகிவிட்டிருந்தது.

இப்படியாக நாங்கள் இருவரும் ஒரே நாளில் மரீசியாசனத்துக்கு வந்து சேர்ந்தோம். மரீசி என்று ஒரு முனிவர். அவர் பெயரில் நான்கு ஆசனங்கள். முதல் மூன்றில் அவர் கொஞ்சம் இரக்கமுள்ளவர். நான்காவதில் ஒரு காலை மடித்து மற்றத் தொடையின் மேல் ஏற்றி, அந்த மற்ற முழங்காலை நட்டுவைத்து, உடம்பை முறுக்கித் திரும்பி, முழங்காலைச் சுற்றிக் கையைக் கொண்டுபோய் முதுகுக்குப் பின்னால் இரண்டு கைகளையும் கோக்க வேண்டும். படிக்கும்போதே உங்களுக்கு மூச்சு வாங்கினால் சரியாகத்தான் எழுதியிருக்கிறேன். மரகதத்தின் விரல்களுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தது. எனக்கும் ஒரு சாண் இடைவெளி இருந்தது. அதாவது, நான் வைத்திருந்தேன்.

விடுதி அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, இரண்டாம் வாரமே எனக்குக் கைகள் கோத்துக்கொண்டன. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வேன். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தனியாகச் சிரித்தேன். அடுத்த ஆசனம் வேண்டும், அதற்கடுத்ததும் வேண்டும், அந்த வரிசை முழுவதும் எனக்கு வேண்டும் என்று ஒரு வெறி. வாழ்க்கையில் அதுவரை பரீட்சையைக்கூட அப்படி ஆசைப்பட்டு எழுதியதில்லை, வேலை கிடைக்க வேண்டுமே என்ற பயத்தில்தான் எழுதியிருக்கிறேன். ஆனால் காலையில் கூடத்துக்குப் போய் அந்த அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்ததும் கை ஒரு சாண் தள்ளியே நின்றுவிடும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. இப்போது அது தானாக நடக்கவில்லை, நானேதான் செய்தேன். முந்தினால் யார் இவள் என்று திரும்பிப் பார்ப்பார்கள். பார்த்தால் கேட்பார்கள். கேட்டால் எங்கள் தெருவின் பெயரைச் சொல்ல வேண்டும். அம்மா அவர்கள் வயலில் நிற்கிறாள். நான்கு மாதம் இப்படிப் போயிற்று.

அந்த நான்கு மாதத்தில் ஊரில் அறுவடைத் தகராறு முற்றியது. கூலி நெல்லை உயர்த்தாவிட்டால் அரிவாளைத் தொடமாட்டோம் என்று எங்கள் தெருவும் பக்கத்துத் தெருக்களும் உட்கார்ந்துவிட்டன. வெளியூர் ஆட்களை லாரியில் இறக்கப் பார்த்தார்கள் பண்ணைக்காரர்கள். ஆபீசில் நான் தட்டிய மனுக்களில் எனக்குத் தெரிந்த பெயர்கள் வர ஆரம்பித்தன. ஒருநாள் கூடத்தில் பாயைச் சுருட்டும்போது மரகதம் டீச்சரிடம் அலுத்துக்கொண்டார். ஊரில் இப்போது ஆட்கள் சொன்னபடி கேட்பதில்லையாம், தலைக்குமேல் ஏறிவிட்டார்களாம். நான் குனிந்து என் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் அவர் வரவில்லை, தகராறு காரணமாகக் குடும்பத்தோடு ஊருக்குப் போயிருந்தார். சன்னலோரம் காலியாக இருந்தது. வியாழக்கிழமை என்று நினைவு. மரீசியிடம் வந்தேன். பக்கத்தில் யாருமில்லை. மூச்சை வெளியே விட்டுத் திரும்பினேன். கைகள் அதுபாட்டுக்குப் போய்க் கோத்துக்கொண்டன. ஐந்து மூச்சு முடிந்து கண்ணைத் திறந்தால் எதிரில் டீச்சரின் பாதங்கள்.

எத்தனை நாளாக இது வருகிறது என்று கேட்டார். நாலு மாதமாக என்றேன். அவர் முகம் சிவந்துவிட்டது. பொய் சொன்னதற்குக் கோபம். மைசூரில் இப்படி ஒருத்தியைக்கூடப் பார்த்ததில்லை, வராததை வந்ததாகக் காட்டுகிறவர்கள்தான் உலகத்தில் உண்டு என்றார். அன்றைக்கு எல்லோரும் போன பிறகு அவரிடம் உண்மையைச் சொன்னேன். டிரில் பொய், நடவு, எங்கள் தெரு, காரியஸ்தரின் குடை, சன்னலோரத்து அம்மாள் யார் என்பது வரைக்கும். பரிதாபப்படுவார், அடுத்த ஆசனத்தைக் கொடுத்துவிடுவார் என்று எதிர்பார்த்தேன். "தனியா இருக்கும்போது வர்றது எனக்குக் கணக்கு இல்லை" என்றார். "அந்தம்மா பக்கத்துல உக்காந்து செய்ங்க, அடுத்தது தரேன். இல்லைன்னா இதோட நிக்கட்டும்."

எனக்கு அழுகை வந்தது. என்னைவிட மூன்று வயது சின்னவள், நெல் மரத்திலா செடியிலா காய்க்கும் என்று கேட்கக்கூடிய மைசூர்க்காரி, எனக்கு நிபந்தனை போடுகிறாள் என்று மனசுக்குள் திட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்தது. வெளியூர் ஆட்கள் இறங்கிவிடாமல் இருக்க வாய்க்கால் கரையில் பெண்கள் காவல் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா நடுவில் வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். இடுப்பு வலியிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். பண்ணை வீட்டு மருமகள் பைஜாமா போட்டுக்கொண்டு குனிகிறார் என்ற இடத்தில் கரையே சிரித்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"ஏண்டி, வரிசை எதுக்கு? நம்மள்ல தளந்தவளுக்காவ. அவளுக்கு நீ ஏன் வரிசை கட்டுற? அவ என்னா நம்மகூடச் சேத்துலயா நிக்கிறா?"

அந்தக் கூடத்தில் அவரும் எங்களோடுதான் வேர்த்துக் கிடக்கிறார், அவருக்கும் வலிக்கிறது, பல்லைக் கடித்துக்கொண்டுதான் செய்கிறார் என்று சொன்னேன். யாருக்காகப் பரிந்து பேசுகிறேன் என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அம்மா எச்சிலைத் துப்பிவிட்டுக் கொஞ்சம் யோசித்தாள்.

"அப்பன்னா ஒத்தாசை பண்ணு. அதுக்காவ ஒளிஞ்சிக்காத."

நீ மட்டும் உன் வேகத்தை ஒளித்ததில்லையா என்று கேட்டேன். அது வேறு என்று சொல்லிவிட்டு வயலைப் பார்த்தாள். நான் முந்தினால் உனக்கு வேலை போய்விடுமே என்றும் கேட்டேன். வேலைக்கே போகாமல் கரையில் உட்கார்ந்திருக்கிறவளிடம் கேட்கிற கேள்வியா அது என்று பக்கத்திலிருந்த சித்தி சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை மரகதம் திரும்பி வந்திருந்தார். முகம் வாடியிருந்தது. நான் என் பாயைப் போட்டேன், அதே இடத்தில். சூரிய நமஸ்காரத்திலேயே பிரிந்துவிட்டேன். அவர் மூன்றாவதில் இருக்கும்போது நான் ஐந்தை முடித்திருந்தேன். காது சுட்டது. உள்ளங்கை வேர்த்தது. தப்புச் செய்கிறாய், தப்புச் செய்கிறாய் என்று உடம்பு முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தது, நான் மூச்சை மட்டும் பிடித்துக்கொண்டு போனேன். மரீசி முனிவர் வந்தார். திரும்பினேன், கோத்தேன். ஐந்து மூச்சு. அடுத்த பக்கமும் ஐந்து மூச்சு. டீச்சர் பின்னால் வந்து நின்று, "மேல போங்க, நாவாசனம்" என்றார். படகு மாதிரி உட்கார வேண்டும். நான் கவிழ்ந்து விழுந்தேன். அதைவிட ஆனந்தமாக நான் எங்கேயும் விழுந்ததில்லை.

மரகதம் தன் வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். எப்படி இது திடீரென்று வந்தது என்று ஆர்வமாகத்தான் கேட்டார், குத்தலாக இல்லை.

"திடீர்னு இல்லீங்க. எட்டு வயசுலேருந்து குனியிறேன். உங்க வயல்லதாங்க" என்றேன். தெருவின் பெயரையும் அம்மாவின் பெயரையும் சொன்னேன்.

மரகதம் என் கச்சத்தைப் பார்த்தார், தன் பாய்க்கும் என் பாய்க்கும் இடையே இருந்த இரண்டு விரல் தூரத்தைப் பார்த்தார். பிறகு பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டார். கடைசியில் மல்லாந்து படுக்காமல் யாரும் போகக் கூடாது என்பது அங்கே இருந்த கண்டிப்பான சட்டம். டீச்சர் கூப்பிடவில்லை. அன்றைக்கு ஆபீசுக்கு நடக்கும்போது பயம்தான் முதலில் வந்தது. புது ஆற்றுப் பாலத்தைத் தாண்டுவதற்குள் பயம் வடிந்து ஒரு பெருமை வந்து உட்கார்ந்தது. இன்னும் எழுந்து போகவில்லை.

மறுநாளிலிருந்து சன்னலோரத்தை டீச்சர் யாருக்கும் தரவில்லை. கூலித் தகராறு பேசித் தீர்ந்து அறுவடை தொடங்கிய பிறகு, ஒரு காலையில், மரகதம் பாயோடு வந்து நின்றார். கூடத்தின் மறுகோடியில் இடம் இருந்தது. அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சன்னலோரத்திலேயே விரித்தார். என்னிடம் பேசவில்லை. இனி என்னை நீ என்பதா, நீங்க என்பதா என்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். சில வாரம் கழித்து, டீச்சர் வேறொருத்தியைத் தலைகீழாக நிறுத்திக்கொண்டிருந்த நேரம், மரகதம் மரீசியிடம் திணறிக்கொண்டிருந்தார். இப்போது இடைவெளி நாலு விரல்தான். டீச்சரைத் தேடினார், பிறகு முதுகுக்குப் பின்னால் இருந்த கையை என் பக்கமாக நீட்டி விரல்களை அசைத்தார்.

நான் உடனே போகவில்லை. உத்தமியாக எழுதிக்கொள்ள ஆசைதான், ஆனால் நடந்தது இதுதான். ஐந்து மூச்சு முழுசாக எண்ணினேன். ஐந்தாவதும் முடிந்த பிறகு நகர்ந்து, அந்த மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, இரண்டு கையையும் கோத்துவிட்டேன். அவர் கை ஈரமாக இருந்தது. அப்புறம் நாங்கள் தோழிகள் ஆகிவிட்டோம் என்று எழுதினால் அது பொய். ஒன்றரை வருடம் தினமும் அவர் கையை நான் கோத்துவிட்டேன், அவ்வளவுதான். அதற்குள் நான் அந்த வரிசை முழுவதையும் முடித்துவிட்டேன். வங்கிக்காரருக்கு மாற்றல் வந்து லலிதா டீச்சர் வடக்கே போனார். கிளம்பும் நாளில், தான் கற்றுக்கொடுத்தவர்களில் என்னைத்தான் பிடிக்கும் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். உங்கள் இடது குதிகால் இன்னும் கோணல் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதற்கு இரண்டு வருடம் கழித்து அம்மாவுக்கு, உச்சவரம்புச் சட்டத்தில் அரசு எடுத்த உபரி நிலத்தில் ஒரு துண்டுக்குப் பட்டா கிடைத்தது. கதையாக இருந்தால் அது மரகதம் வீட்டு நிலமாகவே இருந்திருக்கும். அப்படி இல்லை, வேறொரு பண்ணையின் நிலம், வேறொரு ஆபீசின் உத்தரவு. நான் தட்டியிருந்தால் அம்மாவின் பெயரில் சந்தோஷத்தில் பிழை விட்டிருப்பேன். முதல் நடவுக்கு லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போனேன். தெருப்பெண்கள் மறுநாள் வருவதாக இருந்தது. அம்மா என்னை மட்டும் எழுப்பிக்கொண்டு விடியலில் வயலுக்குப் போனாள். மேற்கு மூலையில் ஒரு சின்னத் துண்டு, இரண்டு பெண்கள் மத்தியானம் தாண்டியும் நடக்கூடியது. அதைத் தான் ஒருத்தியே நடப்போவதாகச் சொன்னாள். நாற்றுமுடியை, கட்டிவைத்த நாற்றுக்கட்டை, வீசிக் கொடுப்பது மட்டும் என் வேலை. ஏன் என்று கேட்டேன். "வரப்புல யாரும் இல்லைல" என்றாள்.

இறங்கினாள். கை தண்ணீருக்குள் போவது தெரிந்தது, வெளியே வருவது தெரியவில்லை. நாற்றுமுடியை வீச வீச என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை, வரப்பில் ஓடினேன். பாடவில்லை, நிமிரவில்லை, பக்கத்தில் பார்க்கவில்லை. நாற்று வரிசை அவள் முன்னால் விரிந்துகொண்டே போயிற்று, ஒன்றுகூடக் கோணல் இல்லை. வெயில் உச்சிக்கு வருமுன் கடைசி நாற்றை ஊன்றிவிட்டு, நிமிர்ந்து, இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு துண்டு முழுவதையும் ஒரு தடவை பார்த்தாள். மறுநாள் தெருப்பெண்கள் வந்ததும் அவர்களோடு வரிசையில் நின்று, தளர்ந்தவளுக்குப் பக்கத்தில் இடம் பிடித்து, எல்லோருடைய வேகத்திலும் நட்டாள். சாகும்வரை அப்படியேதான் நட்டாள்.

அந்தத் துண்டில் இப்போது தம்பி மகன் இயந்திரம் வைத்து நடுகிறான். வரப்பில் குடை பிடித்து நிற்க யாருமில்லை, அந்தப் பண்ணை வீடுகளும் இல்லை. அவை போனதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனால் நாற்பது வருடம் அந்தச் சேற்றில் நின்ற ஒரு பெண் நினைத்தால் எவ்வளவு வேகமாக நட முடியும் என்பதை ஊரில் ஒருவரும் பார்த்ததில்லை. ஒரு காலைப்பொழுது மட்டும் அதை ஒருத்தி பார்த்தாள். கையில் நாற்றுமுடியோடு வரப்பில் ஓடிக்கொண்டிருந்தவள் நான்தான்.